மெஷினில் அடித்த மடிப்பு வெளியே தெரியாமல் இருக்க: கண்டாங்கித் துணிக்கு என்ன செய்வது?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கண்டாங்கிப் பருத்தியில் மகளுக்கு முழுநீளப் பாவாடையும், வீட்டு ஜன்னல்களுக்குத் திரையும் தைத்திருக்கிறார். அடி மடிப்பைச் சாதாரணத் தையலில் அடித்தால் துணியின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி தெரிகிறது. கையால் எம்மிங் போட கண் ஒத்துழைக்கவில்லை. வீட்டில் இருக்கும் ஜிக்ஜாக் மெஷினிலேயே பிளைண்ட் ஹெம், அதாவது வெளியே தெரியாமல் மடிப்படிக்கும் தையல் இருக்கிறது என்று அதில் முயன்றிருக்கிறார். சில இடத்தில் ஊசி துணியைப் பிடிக்கவே இல்லை, சில இடத்தில் வெளிப்பக்கம் பல் பல்லாகத் தையல் தெரிகிறது. இதற்கென்றே தனி மெஷின் இருக்கிறதாமே, வாங்கிவிடலாமா என்று முடித்திருக்கிறார். மெஷின் வாங்கலாமா என்பது கடைசி வரிதான். கையில் இருக்கும் மெஷினால் இது ஆகுமா, ஆகும் என்றால் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்பதுதான் அவர் கேட்க வந்தது.

ஆகும். புது மெஷினும் வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. மெஷின் செட்டிங் தப்பாக இருந்தால், துணியின் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரியான தப்பு வந்திருக்கும். எல்லா இடத்திலும் பிடிக்காமல் போயிருக்கும், அல்லது எல்லா இடத்திலும் பெரிதாகத் தெரிந்திருக்கும். இங்கே பிடித்து அங்கே விட்டால், மடிப்பின் விளிம்பு நேராக இல்லை, ஊசிக்குப் பக்கத்தில் வந்தும் விலகியும் ஓடியிருக்கிறது. குறை தையலில் இல்லை, அதற்கு முந்தைய இஸ்திரியில். காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன், திரையும் ஆல்டரேஷனும்தான் எனக்கு அதிகம் வரும் வேலை. பழைய வீட்டை விடுதியாக மாற்றியவர்களுக்குத் திரை தைப்பதென்றால் மீட்டர் மீட்டராக இந்த மடிப்பைத்தான் அடித்தாக வேண்டும். அதில் பாதி நேரத்துக்கு மேல் இஸ்திரிப் பெட்டியோடுதான் போகும், மெஷின் ஓடும் நேரம் கொஞ்சம்.

முதலில் அந்தத் தையல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஊசி நான்கைந்து நேர்த்தையல் போட்டுவிட்டு, ஒரு தடவை மட்டும் இடது பக்கம் தாவி, மடிப்பின் விளிம்பில் ஓர் இழையைக் கடித்துவிட்டுத் திரும்பி வரும். நேர்த்தையல் முழுக்க உள்பக்கத்து மடிப்புத் துணியில்தான் விழும். வெளியே தெரிய வாய்ப்புள்ளது அந்த ஒற்றைக் கடி மட்டுமே. ஆகவே இந்த வேலை முழுவதும் அந்தக் கடியை ஓரிரு இழைக்குள் அடக்குவதுதான். சில மெஷின்களில் இதே தையல் இரண்டு வகையாகப் படம் போட்டிருக்கும். நேர்க்கோடும் நடுவே ஒரு கூரான தாவலும் இருப்பது நெய்த துணிக்கு. நேர்க்கோட்டுக்குப் பதில் குட்டிக் குட்டி ஜிக்ஜாக் இருந்தால் அது பனியன் போன்ற இழுபடும் துணிக்கு. உங்களுக்கு வேண்டியது முதல் வகை.

துணியைப் பற்றி ஒரு அனுமானம் செய்துகொள்கிறேன். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த கைத்தறிக் காரைக்குடிக் கண்டாங்கிதான் நீங்கள் வாங்கியது என்று வைத்துச் சொல்கிறேன். அது கொஞ்சம் தடித்த பருத்தி இழை, கட்டமோ கோடோ போட்டது. தடித்த இழை இந்த வேலைக்கு நல்லது, கடி இழைகளுக்கு நடுவே புதைந்துவிடும். அதே கட்டம் போட்ட விசைத்தறிச் சேலைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் இழை மெல்லியதாக இருந்தால் கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் ஒரு படி குறையும். துணியைத் தொட்டுப் பார்க்காமல் சொல்வதால், எண்களைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, வெட்டிய மிச்சத்தில் அடித்துப் பார்த்துவிட்டே உண்மைத் துணியில் கை வையுங்கள்.

புதுத் துணியை நனைக்காமல் மடித்து அடித்துவிடாதீர்கள். கைத்தறிப் பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும், கஞ்சியும் போகும். மடித்து அடித்தபின் சுருங்கினால் துணி ஒரு அளவு, நூல் ஒரு அளவு என்றாகி மடிப்பு முழுக்கச் சுருக்கம் விழும். எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். ஊறும்போது கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தும் என்று நம்பி, பக்கத்தில் வெள்ளைத் துணியைச் சேர்த்துத் துவைக்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே இன்னொன்று: கட்டங்கள் கோணலாக ஓடியிருந்தால், கோணல் போன திசைக்கு எதிர் மூலைகளைப் பிடித்து இரண்டு பேர் இழுத்தால் கோடு நேராகும். காய்ந்தபின் இழுத்தால் வராது.

விளிம்பை ஓவர்லாக் (பிசிறு வராமல் விளிம்பைச் சுற்றி நூல் பின்னுவது) செய்துகொள்ளுங்கள். அதற்கான மெஷின் இல்லாவிட்டால் கூலி வாங்கிக்கொண்டு கடையில் செய்து தருவார்கள், அல்லது உங்கள் மெஷினிலேயே ஜிக்ஜாக் ஓட்டலாம். பிசிறு தெரியக் கூடாது என்று கால் இஞ்ச் உள்ளே மடித்து, அதை மறுபடி மடிப்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். வாயில் எனப்படும் மெல்லிய துணிக்கு அது சரி. கண்டாங்கி மாதிரித் தடித்த துணியில் அந்தக் கால் இஞ்ச் மடிப்பு ஒரு தடிப்பாக நின்று, இஸ்திரி போடும்போதெல்லாம் வெளிப்பக்கம் வரியாகப் பதியும். தையல் தெரியாவிட்டாலும் அந்த வரி தெரியும். ஒற்றை மடிப்பும் ஓவர்லாக்கும் போதும். (திரைக்கு வேறு கணக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.)

இனி மடிப்பு. இதைப் பொறுமையாகப் படியுங்கள், எழுத்தில் சொன்னால் சிக்கலாகத் தோன்றும், துணியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் ஒன்றுமில்லை. பாவாடையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக்கொள்ளுங்கள். மடிப்பு அகலம் இரண்டு இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். அடிவிளிம்பிலிருந்து இரண்டு இஞ்ச் துணியை மேல்நோக்கி மடித்து இஸ்திரி போடுங்கள். அளவு பார்க்க டேப்பைவிட ஓர் அட்டைத் துண்டு நல்லது. இரண்டு இஞ்சில் கோடு போட்ட அட்டையை உள்ளே வைத்து அதன்மேலேயே மடித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் துணி நகரும். அப்புறம், ஓவர்லாக் விளிம்பிலிருந்து கால் இஞ்ச் கீழே, தையல்காரர்கள் இரண்டு நூல் என்பார்களே அந்த அளவில், மடிப்பைத் துணியோடு சேர்த்துக் கையால் நீள நீளமாக ஓட்டுத் தையல் போடுங்கள். கண்ணுக்குக் கஷ்டம் என்றால் குண்டூசி குத்தலாம், ஆனால் முதல் தடவை செய்பவருக்கு ஓட்டுத் தையலே நம்பகமானது. ஒரு விரல் நீளத்துக்கு ஒரு தையல் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்ததுதான் எல்லோரும் தடுமாறும் இடம். மடித்த அந்த இரண்டு இஞ்ச் பட்டையை அப்படியே பிடித்து, பாவாடையின் வெளிப்பக்கத்துக்கு அடியில் போகும்படி பின்னோக்கித் திருப்புங்கள். ஓட்டுத் தையல் போட்ட கோட்டிலேயே துணி மடங்கும். ஓவர்லாக் விளிம்பு மட்டும் கால் இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் விசிறி மடிப்புபோல மூன்று அடுக்காகத் தெரிய வேண்டும், நீட்டிய விளிம்பு மட்டும் ஒற்றை அடுக்கு. புதிதாக உண்டான அந்த மடிப்பு விளிம்பையும் இஸ்திரியால் லேசாக அழுத்திவிடுங்கள். உங்களுக்கு விட்டு விட்டுப் பிடித்ததற்குக் காரணம் ஏறக்குறைய நிச்சயமாக இந்த விளிம்புதான். இது கத்தி முனைபோல நேராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மெஷினில் வைக்கும்போது நீட்டிய விளிம்பு வலது பக்கம், மொத்தத் துணி இடது பக்கம். இதற்கென்று தனி ஃபுட் (ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) இருக்கிறது. ஜனோம் வகை மெஷின்களில் அதன்மேல் ‘ஜி’ என்று ஆங்கில எழுத்து இருக்கும், பெட்டியோடு வந்த சின்ன உறையில் தேடிப் பாருங்கள். அதன் நடுவே ஒரு தகடு செங்குத்தாக இறங்கியிருக்கும். துணியின் மடிப்பு விளிம்பு அந்தத் தகட்டை ஒட்டியே ஓட வேண்டும். சாதாரண ஜிக்ஜாக் ஃபுட்டில் இந்தத் தையலை அடிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வழிகாட்டத் தகடு இல்லாமல் நேராக ஓட்ட நல்ல பழக்கம் வேண்டும். தனியாக வாங்கினாலும் விலை அதிகமில்லை. ஸ்னாப்பாகப் பொருந்துவதா, திருகு போடுவதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது மோட்டாரைத் தொடாதீர்கள். வலது பக்கத்துக் கைச்சக்கரத்தை உங்களை நோக்கி மெதுவாகச் சுற்றி, ஊசி இடது பக்கம் தாவும் இடம் வரை கொண்டுவாருங்கள். தாவி இறங்கும் ஊசி மடிப்பு விளிம்பில் ஓரிரு இழையை மட்டும் தொட்டு இறங்க வேண்டும். விளிம்பைத் தாண்டி உள்ளே போனால் தையல் அகலத்தைக் குறையுங்கள். விளிம்பைத் தொடாமல் வலதிலேயே இறங்கினால் அகலத்தைக் கூட்டுங்கள். சில ஃபுட்டுகளில் தகட்டை நகர்த்த ஒரு சின்னத் திருகு இருக்கும், அப்படியென்றால் அகலத்தைத் தொடாமல் திருகை மட்டும் திருப்பினால் போதும். கைச்சக்கரத்திலேயே மூன்று நான்கு தாவலைப் பார்த்துவிட்டு அதன்பிறகு ஓட்டுங்கள்.

இதுவரை சொன்னது எந்த மெஷினுக்கும் பொருந்தும். எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும். கண்டாங்கிக்கு நான் தையல் நீளத்தை இரண்டில் தொடங்குவேன். நீளம் இரண்டு என்றால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கடி விழும். பாவாடைக்கு அது போதும், திரைக்கு இரண்டரை வரை போகலாம். குறைத்தால் கடிகள் நெருங்கி வெளியே புள்ளி வரிசையாகத் தெரியும், கூட்டினால் குழந்தையின் கால் விரல் மாட்டும். மேல் டென்ஷனை (மேல் நூலின் இறுக்கத்தை) வழக்கமான இடத்திலிருந்து ஒரு எண் தளர்த்துங்கள், நான்கில் இருந்தால் மூன்று. இறுக்கமாக இருந்தால் கடி விழுந்த இடமெல்லாம் துணி உள்ளே இழுபட்டுச் சின்னச் சின்னக் குழியாகத் தெரியும். சின்னதாகக் கடித்தும் வெளியே தெரிகிறது என்பவர்களிடம் பெரும்பாலும் இந்தக் குழிதான் பிரச்சினை, நூல் அல்ல.

ஊசி 11 நம்பர். மெஷினோடு வந்ததோ, கடையில் கேட்டால் கொடுப்பதோ பெரும்பாலும் 14 அல்லது 16. கண்டாங்கியைச் சேர்த்துத் தைக்க 14 சரியான ஊசிதான், ஆனால் ஓரிழை கடிக்க அது தடி. மெல்லிய துணி என்றால் 9. பழைய ஊசியைப் போட்டு முயலாதீர்கள், முனை மழுங்கிய ஊசி இழையைக் கடிக்காமல் தள்ளிவிட்டு இறங்கும். விட்டு விட்டுப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், மடிப்புக்கு அடுத்த சந்தேகம் எனக்கு அதன் மேல்தான்.

நூலைப் பற்றிப் பலர் கேட்காத ஒரு விஷயம் சொல்கிறேன். வெளிப்பக்கம் புள்ளியாகத் தெரிவது மேல் நூல்தான். மேல் டென்ஷனைத் தளர்த்தியிருப்பதால் பாபின் நூல் (அடி நூல்) மடிப்பின் உள்பக்கத்திலேயே தங்கிவிடும். எனவே நிறம் பார்க்க வேண்டியது மேல் நூலுக்கு, பாபினில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் எதுவும் போதும். ஆனால் உள்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கும் ஆச்சிமார் எங்கள் ஊரில் அதிகம் என்பதால் நான் இரண்டுக்கும் ஒரே நிறம்தான் போடுவேன். நூல்கண்டைத் துணிமேல் வைத்து நிறம் பார்க்காதீர்கள். கண்டில் நூல் அடர்த்தியாகத் தெரியும், ஒற்றை இழையாக இழுத்துத் துணிமேல் போட்டால் வெளுப்பாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒற்றை இழையை வைத்துப் பாருங்கள். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு ஷேட் அடர்த்தியானதை எடுங்கள், வெளிர் நூல் கண்ணில் குத்தும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நைலான் நூலை யாராவது சொன்னால் பருத்திக்கு வேண்டாம். வெயிலில் மினுங்கும், காலில் குத்தும், பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரி போட்டால் உருகும்.

கட்டம் போட்ட துணி உங்களிடம் இருப்பது பெரிய வசதி. ஒற்றை நிறத் துணியில் கடி எங்கே விழுந்தாலும் ஒன்றுதான். கண்டாங்கியில் கடி எங்கே விழ வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம். கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் கலந்த கட்டம் என்று வைத்துக்கொள்வோம். கிடையாக ஓடும் சிவப்புக் கோட்டின்மேல் கடி விழுந்து, நூலும் அதே சிவப்பாக இருந்தால், கிட்டே வந்து தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். அதே கடி மஞ்சளில் விழுந்தால் ஒவ்வொன்றும் தெரியும். கடி விழும் இடம், முடிந்த பாவாடையின் அடிவிளிம்பிலிருந்து மடிப்பு அகலத்தில் கால் இஞ்ச் குறைத்த உயரம். இரண்டு இஞ்ச் மடித்தால் ஒன்றே முக்காலில் கடி விழும். இதைத் திருப்பிப் போடுங்கள்: பாவாடையின் அடி எங்கே வர வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து மேலே பக்கத்தில் இருக்கும் அடர்த்தியான கோடு வரை அளந்து, அதோடு கால் இஞ்ச் கூட்டினால் வருவதுதான் உங்கள் மடிப்பு அகலம். ஒன்றரை வரலாம், இரண்டே கால் வரலாம், முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஓட்டுத் தையலையும் அந்தக் கோட்டின்மேலேயே ஓட்டிவிடலாம், டேப்பே தேவைப்படாது. நெடுக்குக் கோடு மட்டும் உள்ள துணியில் இது நடக்காது. அங்கே எந்த நிறம் அதிக இடம் பிடித்திருக்கிறதோ அந்த நிற நூலைப் போட்டுவிட்டு, நடுவில் சில புள்ளி தெரிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு கேள்வியையும் உங்களிடமே கேட்கிறேன்: இது சேலையிலிருந்து வெட்டிய பாவாடை என்றால், கரையை அடிப்பக்கம் வைத்துத் தைக்க முடிந்திருக்குமே? சேலையின் கரை நெசவிலேயே முடிந்த விளிம்பு, பிசிறாது, மடிக்கவே வேண்டாம். கண்டாங்கிக்குக் கரைதானே அழகு. அடுத்த பாவாடைக்காவது யோசித்துப் பாருங்கள்.

ஓட்டும்போது ஊசியைப் பார்க்காதீர்கள், தகட்டை ஒட்டி ஓடும் விளிம்பைப் பாருங்கள். மெதுவாக ஓட்டுங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்க வேண்டாம், ஃபுட்டுக்கு அடியில் இருக்கும் மெஷினின் பற்களே இழுத்துக்கொள்ளும். பக்கத் தையல் வரும் இடத்தில் தடிப்பு கூடும், அங்கே கைச்சக்கரத்தில் சுற்றிக் கடந்துபோங்கள். முடித்தபின் ஓட்டுத் தையலைப் பிரித்து, மடிப்பை விரித்து, உள்பக்கம் மட்டும் நீராவி அல்லது ஈரத்துணி வைத்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியின் முனை ஓவர்லாக் விளிம்பின்மேல் ஏறி அழுத்த வேண்டாம், அந்த வரி வெளியே பதியும். விரித்துப் பார்க்கும்போது புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் பெரிதாக இருந்தால் அகலத்தைக் குறைக்க வேண்டும். எல்லா இடத்திலும் பிடிக்காமல் இருந்தால் கூட்ட வேண்டும். ஒரே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பிடிக்காமல் போயிருந்தால் முழுவதையும் பிரிக்காதீர்கள், அந்த இடத்தை மட்டும் மறுபடி மடித்து மேலேயே அடித்துவிடலாம்.

திரைக்கு வருவோம். இங்கே இன்னொரு சிக்கல், அது தையலைப் பற்றியதே அல்ல. திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவுக்குள் (நடுமுற்றப் பகுதியில்) நின்று வெயில் விழும் ஜன்னலைப் பார்த்தால், துணி எத்தனை அடுக்கு என்பது நிழலாக அப்படியே தெரியும். நாலு இஞ்ச் மடித்து, அதன் விளிம்பை அரை இஞ்ச் உள்ளே மடித்திருந்தால், அந்த அரை இஞ்ச் ஒரு கறுத்த பட்டையாகக் கோடு போடும். எவ்வளவு மறைவாக அடித்திருந்தாலும் பயனில்லை. அதனால் திரைக்கு மட்டும் இரட்டை மடிப்பு, இரண்டும் சம அளவில்: நாலு இஞ்ச் மடித்து, மறுபடி நாலு இஞ்ச் மடியுங்கள். நிழல் முழுதும் ஒரே அடர்த்தியாக விழும், அடியில் கனமும் இருப்பதால் திரை ஒழுங்காகத் தொங்கும். பிளைண்ட் ஹெம் அடிக்கும் விதம் அதேதான், ஓவர்லாக் விளிம்புக்குப் பதில் மடித்த விளிம்பு கால் இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும். அடி மடிப்பைத் தைக்கும் முன் திரையை ஒரு நாள் கம்பியில் தொங்கவிட்டு, துணி இறங்கியபின் அளவு குறியுங்கள். திரையைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நேராக ஓடும் துணி, பழகுவதற்கு அதைவிட நல்லது கிடையாது.

பாவாடையில் விரிவு எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. இடுப்பில் சுருக்கு வைத்த நேர்ப் பாவாடை என்றால் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். குடை மாதிரி வெட்டியது என்றால் பொருந்தாது. வட்டத்தின் விளிம்பு நீளம் அதிகம், அதை மேலே மடிக்கும்போது போய் உட்காரும் இடம் சின்னது, அதனால் மிச்சத் துணி அங்கங்கே மடிந்து நிற்கும். கொஞ்ச விரிவு என்றால் ஓவர்லாக் விளிம்பில் பெரிய தையல் ஒன்று ஓட்டி, நூலை லேசாக இழுத்து மிச்சத்தைச் சமமாகப் பரப்பிவிட்டு மடிப்பு அகலத்தை ஒரு இஞ்சாகக் குறைத்தால் சமாளிக்கலாம். முழுக் குடை என்றால் மறைவான மடிப்பை மறந்துவிட்டு, கால் இஞ்சுக்கும் குறைவாக மடித்துச் சாதாரணமாக அடிப்பதே அழகு. வளரும் பிள்ளைக்கு அடுத்த வருஷம் இறக்கிவிடலாம் என்று அகல மடிப்பு வைப்பவர்களுக்கு பிளைண்ட் ஹெம் ஒரு நன்மை, பிரிப்பது சுலபம், வெளிப்பக்கம் தையல் துளை வரிசை இருக்காது. ஆனால் மடித்த கோட்டில் சாயம் வெளுத்திருக்கும், அதை எந்தத் தையலும் தடுக்காது.

எதற்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல பட்டு, ஷிஃபான், ஜார்ஜெட், வெல்வெட் ஆகியவற்றுக்கு வீட்டு மெஷினின் பிளைண்ட் ஹெம்மை நான் போட மாட்டேன். பட்டில் ஊசி துளை நிற்கும், ஷிஃபானில் ஓரிழை என்பது கண்ணுக்கே பிடிபடாத அளவு மெல்லியது, வெல்வெட்டில் இஸ்திரி மடிப்பே பொருந்தாது. அவற்றுக்குக் கைதான். ஒட்டும் டேப்பை இஸ்திரி வைத்து ஒட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். அலுவலகப் பேன்ட்டுக்கு அவசரத்துக்குச் சரி. அடிக்கடி துவைத்து, கஞ்சி போட்டு, நல்ல சூட்டில் தேய்க்கும் பருத்தியில் விளிம்பு விட்டுக்கொண்டே இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் ஜிக்ஜாக் இல்லாத பழைய கறுப்பு மெஷின் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அதே மடிப்பை மடித்து, நீட்டிய விளிம்பில் நேர்த்தையல் ஓட்டிக்கொண்டே, ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை துணியை வலப்பக்கம் நகர்த்தி ஊசி விளிம்பைக் கடிக்கும்படி செய்யலாம். நடக்கும், ஆனால் கை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நகர்த்தாது. என் கணக்கில் அதற்குச் செலவழிக்கும் நேரத்தில் கையாலேயே எம்மிங் போட்டுவிடலாம், அது இன்னும் மறைவாகவும் இருக்கும்.

தனி பிளைண்ட் ஹெம் மெஷின் விஷயம். அது வேறு இனம். ஊசி வளைந்திருக்கும், மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் வரும். அடியிலிருந்து ஒரு தகடு துணியைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுக்க, ஊசி மேல் இழைகளை மட்டும் கோத்துக்கொண்டு போகும். ஒற்றை நூல், பாபின் கிடையாது, சங்கிலித் தையல். ரெடிமேட் பேன்ட்டின் அடியில் தொங்கும் நூலை இழுத்தால் மொத்த மடிப்பும் சரசரவென்று அவிழுமே, அந்தத் தையல்தான். வேகம் அதிகம், மடிப்பும் சுத்தமாக வரும். ஆனால் அந்த மெஷின் அந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் செய்யாது. நாள் முழுக்கப் பேன்ட் அடிக்கும் கடைக்குச் சரி, ஒரு வீட்டுக்கு ஒரு பாவாடையும் நாலு திரையும் தைப்பதற்கு வாங்கும் பொருள் அல்ல.

நீங்கள் ஏற்கெனவே அடித்துவைத்த தையலைப் பிரிக்க வேண்டுமே, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிப்பக்கத்து நூலை இழுக்காதீர்கள், துணி இழையும் சேர்ந்து வரும். உள்பக்கம் நேர்த்தையலை அங்கங்கே வெட்டிவிட்டு நூலைத் துண்டு துண்டாக எடுங்கள். துளைகள்மேல் தண்ணீர் தெளித்து, நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக வருடிவிட்டு இஸ்திரி போட்டால் பருத்தியில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், மிச்சம் அடுத்த சலவையில் போகும். அதன்பிறகு முதலில் மிச்சத் துணியில் ஒரு முழம், அப்புறம் திரைகள், பாவாடையைக் கடைசியாக எடுங்கள்.